டாக் நல்லது, ஆம்ப் நல்லது, சேர்த்தால் மட்டும் இரைச்சல்: எங்கே தப்பு?

வேளச்சேரி_மூணாவதுமாடி:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த செட் இது. சின்ன கம்ப்யூட்டரிலிருந்து யூஎஸ்பி வழியாக டாக் (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கான மின் சிக்னலாக மாற்றும் பெட்டி). டாக்கிலிருந்து ஆர்சிஏ (சாதாரண ஆடியோ பிளக்) வழியாக வால்வ் ப்ரீஆம்ப் (வால்யூம் குமிழ் இருப்பது இதில்), அங்கிருந்து ஸ்பீக்கரை ஓட்டும் 150 வாட் பவர் ஆம்ப். ஸ்பீக்கர் ஹார்ன் வகை, 96 டெசிபல் சென்சிடிவிட்டி, அதாவது கொஞ்சம் சக்தி கொடுத்தாலே உரக்கப் பாடும். தனித்தனியாகக் கடையில் கேட்டபோது எல்லாமே தேன்.

வீட்டில் மூன்று தொல்லை. ஒன்று, ப்ரீஆம்ப் குமிழை (கடிகார முள் கணக்கில்) எட்டு மணிக்கு மேல் திருப்பவே முடியவில்லை, அதற்குள் அறை அதிர்கிறது. அந்த இடத்தில் பாட்டு வேறு இடது பக்கம் சாய்கிறது. இரண்டு, ராத்திரி ஃபேனை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் சோபா வரைக்கும் ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். மூன்று, அதற்கு அடியில் மெல்லிய ‘ம்ம்ம்’.

விற்ற கடைக்காரர் டாக்கை மாற்றச் சொல்கிறார். அவர் காட்டுவது இப்போது இருப்பதைப் போல மூன்று மடங்கு விலை. மாற்றினால் சரியாகுமா?

பழையரேடியோ:

தம்பி, பர்ஸை உள்ளே வையுங்கள். ப்ரீஆம்ப், பவர் ஆம்ப் இரண்டின் ‘கெயின்’, அதாவது சிக்னலைப் பெரிதாக்கும் அளவு, எத்தனை டெசிபல்? மேனுவலில் கடைசிப் பக்கம் பாருங்கள்.

வேளச்சேரி_மூணாவதுமாடி:

ப்ரீஆம்ப் 15, பவர் ஆம்ப் 29. டாக்கின் ஆர்சிஏ 2 வோல்ட் என்று போட்டிருக்கிறது. எக்ஸ்எல்ஆரும் (மூன்று பின் பிளக்) இருக்கிறது, அது 4 வோல்ட். ஆனால் ப்ரீஆம்ப்பில் எக்ஸ்எல்ஆர் கிடையாது.

பழையரேடியோ:

அப்போது உங்கள் செட்டில் எதுவும் கெட்டுப்போகவில்லை. கணக்குதான் உதைக்கிறது. 15ம் 29ம் சேர்ந்து 44 டெசிபல், அதாவது 158 மடங்கு. டாக் தரும் 2 வோல்ட்டைப் பெருக்கினால் 316 வோல்ட் வர வேண்டும். 150 வாட் ஆம்ப் 8 ஓமில் 35 வோல்ட்டுக்கு மேல் தராது. ஆக, முழுச் சக்தி போட்டாலும் 19 டெசிபல் உபரி. குமிழ் எட்டு மணியில் மாட்டிக்கொள்வது அதனால்தான்.

சாய்வதும் அதனால்தான். குமிழுக்குள் இருக்கும் இரட்டை பொடென்ஷியோமீட்டரின் (இடது, வலதுக்கு ஒன்றாகத் திரும்பும் வால்யூம் கன்ட்ரோல்) இரண்டு பக்கமும் ஆரம்பத்தில் ஒன்றுபோல ஏறாது. நடுவுக்கு வந்தால் ஒட்டிப் போகும். நீங்கள் கேட்பதோ அது மோசமாக இருக்கும் அந்த ஓரத்திலேயே.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். 96 டெசிபல் ஸ்பீக்கரில் ராத்திரி கேட்கும் அளவுக்குச் சராசரியாக ஆம்ப் தருவது சில மில்லிவாட். 150 வாட் ஆம்ப் கிட்டத்தட்டத் தூங்கிக்கொண்டிருக்கிறது.

ஹெட்போன்காரன்:

ப்ரோ, சிம்பிள். டாக்குக்கும் ப்ரீஆம்ப்புக்கும் நடுவில் 20 டெசிபல் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கிற சின்ன அடாப்டர்) ஒரு ஜோடி போடுங்க. முடிஞ்சது.

சாலிடர்_மாமா:

அங்கே போட்டால் குமிழ் பிரச்சினை தீரும், ‘உஸ்ஸ்’ தீராது. அந்தச் சத்தம் எங்கே பிறக்கிறது என்று முதலில் பார்ப்போம். ஆம்ப்பை அணைத்துவிட்டு டாக் ஒயரை ப்ரீஆம்ப்பிலிருந்து பிடுங்குங்கள். ஒயர் இல்லாமலே ஆம்ப்பை ஆன் செய்யுங்கள். ‘உஸ்ஸ்’ இருக்கிறதா? அடுத்து, மறுபடி அணைத்துவிட்டு ப்ரீஆம்ப்பையே கழற்றிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் அணைத்த பிறகுதான் ஒயரில் கை வைக்க வேண்டும். ஹார்ன் ட்விட்டர் (ஸ்பீக்கரில் கீச்சு ஒலி தரும் பகுதி) ஒரு ‘டப்’பில் போய்விடும்.

வேளச்சேரி_மூணாவதுமாடி:

செய்துவிட்டேன். டாக் ஒயரைப் பிடுங்கினாலும் ‘உஸ்ஸ்’ அப்படியே, குமிழை எங்கே வைத்தாலும் ஒரே அளவு. ‘ம்ம்ம்’ மட்டும் போய்விட்டது. ப்ரீஆம்ப்பைக் கழற்றினால் மொத்தமும் அமைதி, ட்விட்டரில் காதை ஒட்டினால்தான் ஏதோ கேட்கிறது.

சாலிடர்_மாமா:

சரி, டாக் நிரபராதி. ‘உஸ்ஸ்’ வால்வுடையது. குமிழுக்குப் பிறகு இருக்கும் வால்வின் சத்தம் குமிழுக்குக் கட்டுப்படாது. அதை 29 டெசிபல் ஆம்ப் 28 மடங்கு பெரிதாக்கி, 96 டெசிபல் ஹார்னிடம் கொடுக்கிறது. 86 டெசிபல் ஸ்பீக்கராக இருந்திருந்தால் நீங்கள் கவனித்திருக்கவே மாட்டீர்கள். அதனால் அட்டெனுவேட்டரை ப்ரீஆம்ப்புக்கும் பவர் ஆம்ப்புக்கும் நடுவில் போடுங்கள். பாட்டும் வால்வ் சத்தமும் சேர்ந்து 20 டெசிபல் இறங்கும், பாட்டைக் குமிழால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். சத்தம் கீழேயே கிடக்கும்.

ரெடிமேடாக வாங்கினால் உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் எத்தனை ஓம் என்று பார்த்து வாங்குங்கள். பல வால்வ் ப்ரீஆம்ப்களில் வெளியே போகும் வழியில் ஒரு கப்பாசிட்டர் இருக்கும். அது 0.47 மைக்ரோஃபாரட் என்றால், 10 கிலோஓம் அட்டெனுவேட்டரைத் தொங்கவிட்டதும் 34 ஹெர்ட்ஸிலேயே பாஸ் சரியத் தொடங்கும். “வால்வுன்னா பாஸ் கம்மிதான்” என்று பேசுவதில் பாதி இப்படி வந்ததுதான். ரிச்சி தெருவில் 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் 22 கிலோஓம் இரண்டு, 2.4 கிலோஓம் இரண்டு வாங்குங்கள். பெரியதைத் தொடராக, சின்னதை கிரவுண்டுக்குக் குறுக்கே வைத்தால் 20 டெசிபல். ஆம்ப் பக்கத்து ஆர்சிஏ பிளக்குக்குள்ளேயே அடங்கிவிடும். அதற்குப் பிறகு நீள ஒயர் வேண்டாம்.

ஹெட்போன்காரன்:

ஓ, சரி மாமா. பின்னாடி போடுறதுதான் ரைட். ஆனா ஒரு கேள்வி, ப்ரீஆம்ப் எதுக்கு? டாக்லயே வால்யூம் இருக்கே.

பழையரேடியோ:

நானும் அதைத்தான் கேட்க இருந்தேன். டிஜிட்டல் வால்யூமில் பிட் போய்விடும் (பாட்டின் நுணுக்கம் குறையும்) என்ற பயம் 16 பிட் காலத்தோடு முடிந்த கதை. 6 டெசிபல் குறைத்தால் ஒரு பிட். இவருக்கு ப்ரீஆம்ப் இல்லாமல் சுமார் 34 டெசிபல் குறைக்க வேண்டும், அதாவது 6 பிட். சிடியின் 16ஐயும் கூட்டினால் 22. டாக்கின் 24க்குள் அடங்குகிறது.

இனி வாங்கப்போகிறவர்களுக்கு: டாக்குக்குள் இருக்கும் சிப்பின் பெயரைப் பார்ப்பதற்கு முன் இந்த வோல்ட் கணக்கைப் பாருங்கள். ஆர்எம்ஈ ஏடிஐ-2 டாக்கில் வெளியீட்டு அளவை 6 டெசிபல் படிகளில் மாற்றலாம். பெஞ்ச்மார்க் ஏஎச்பி2 ஆம்ப்பின் பின்னால் மூன்று நிலை சுவிட்ச், முழுச் சக்திக்கு சுமார் 2, 4, 9.8 வோல்ட் என்று தேர்ந்துகொள்ளலாம். செய்தவனுக்கு இந்தத் தலைவலி தெரிந்திருக்கிறது. 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகாவில் டாக் சிப் செய்யும் ஏகேஎம் ஆலை எரிந்தபோது சிப் கிடைக்காமல் பல கம்பெனிகள் டாக்கை வேறு சிப்புக்கு மாற்றி வடிவமைத்தன. மாற்றியதைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கண்டுபிடித்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

வேளச்சேரி_மூணாவதுமாடி:

அண்ணா, ப்ரீஆம்ப்பை விட மனமில்லை. குரல் அதில் வரும்போது ஒரு ஈரம் இருக்கிறது. தப்பாகவே இருக்கட்டும், எனக்குப் பிடிக்கிறது. ‘ம்ம்ம்’முக்கு என்ன வழி? எலக்ட்ரீஷியன் எர்த் பின்னை வெட்டிவிடலாம் என்கிறார்.

சாலிடர்_மாமா:

வெட்டவே வெட்டாதீர்கள்! வால்வ் ப்ரீஆம்ப்புக்குள் 200, 300 வோல்ட் ஓடும். உள்ளே ஏதாவது அறுந்து பெட்டியின் உலோக உடம்பில் பட்டால் அந்தப் பின்தான் உயிர் காக்கும்.

டாக் ஒயரைப் பிடுங்கியதும் ‘ம்ம்ம்’ போனது என்றால் கிரவுண்ட் லூப் (இரண்டு வழியாக எர்த் ஆகி ஒயரில் சுற்றும் மின்னோட்டம்), அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. கம்ப்யூட்டரோடு டிவி இணைந்திருக்கிறதா? டிவிக்கு மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து கேபிள் வருகிறதா?

வேளச்சேரி_மூணாவதுமாடி:

ஆமாம்! கம்ப்யூட்டர் எச்டிஎம்ஐயில் டிவி, டிவியில் செட்டாப் பாக்ஸ். எப்படித் தெரியும்?

சாலிடர்_மாமா:

பத்து வீட்டில் பார்த்தாயிற்று. பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் அந்த வட்டக் கேபிளை மட்டும் கழற்றிக் கேளுங்கள்.

வேளச்சேரி_மூணாவதுமாடி:

நின்றுவிட்டது. வீட்டில் சீரியலும் நின்றுவிட்டதால் இரண்டு நிமிடத்தில் திரும்ப மாட்ட வேண்டியதாகிவிட்டது.

சாலிடர்_மாமா:

கேபிள் இருக்கட்டும். கம்ப்யூட்டரிலிருந்து டாக்குக்கு யூஎஸ்பிக்குப் பதில் ஆப்டிகல் ஒயர். அதில் போவது வெளிச்சம், கிரவுண்ட் கடக்காது. 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் வரை நிம்மதியாகப் போகும். அதற்கு மேல் ஃபைல் வைத்திருந்தால் யூஎஸ்பி ஐசொலேட்டர் (யூஎஸ்பி வழியில் கிரவுண்டைப் பிரிக்கும் பெட்டி) பாருங்கள்.

வேளச்சேரி_மூணாவதுமாடி:

ஞாயிறு வேலை முடிந்தது. ஆப்டிகல் ஒயர், ரெசிஸ்டர், இரண்டு பிளக், எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய் ஆகவில்லை. குமிழ் இப்போது பதினொரு மணியில், பாடகர் நடுவில் நிற்கிறார். ‘ம்ம்ம்’ இல்லை. ‘உஸ்ஸ்’ ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போனால் மட்டும். ஆனால் வலது பிளக்கை அசைத்தால் சில சமயம் சத்தம் விட்டு வருகிறது.

சாலிடர்_மாமா:

ரெசிஸ்டர் கால் எங்கோ பிளக்கின் உலோக உடம்பில் உரசுகிறது. திறந்து காலுக்கு பிளாஸ்டிக் ஸ்லீவ் போட்டு மூடுங்கள், மறக்காமல் ஆம்ப்பை அணைத்துவிட்டு.