புதுப்பிப்பு: கொழும்பிலிருந்து ஒஸ்கார் விழா பார்த்தது

ஒஸ்காரை வேலைநாளில் எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருந்தேன், பதில் போட்டவர்களுக்கு நன்றி. 2025 விழா நமக்கு மார்ச் 3 திங்கள் காலை 5.30க்குத் தொடங்கியது, வெள்ளவத்தையில் பஸ் ஏறும் நேரத்துக்குள் பாதிகூடப் பார்க்க முடியாது. கைகொடுத்தது, இரவில் ஒஸ்கார் வழங்கும் அகாடமியின் யூடியூப் சனலில் ஏற்புரைகளை மட்டும் பாருங்கள் என்ற யோசனைதான். அதற்குள் மச்சான் குடும்ப வட்ஸ்அப்பில் சிறந்த படம் எது என்று சொல்லித் தொலைத்துவிட்டான், சரி போகட்டும். நான் எதிர்பார்க்காதது, பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்த, வசனமே இல்லாத லாத்வியப் பூனைப் படம் 'ஃப்ளோ' சிறந்த அனிமேஷன் விருதை வாங்கியது. அந்த நாட்டுக்கு அதுதான் முதல் ஒஸ்காராம், எனக்குக் கைதட்டவே தோன்றியது. சிறந்த நடிகர் விருது வாங்கிய ஏட்ரியன் பிரோடி 5 நிமிடத்துக்கும் மேல் பேசினார், அதில் பாதி போதும்.