ஹேமர் பவளம் விரியவே இல்லை: காரத்தன்மையா, வெளிச்சமா?

வணக்கம். 200 லிட்டர் கடல்நீர் மீன்தொட்டி, ஓடத் தொடங்கி 7 மாதம். 5 நாள் முன்பு வைத்த, இரண்டு தலை (சதைக்கொத்து) உள்ள ஹேமர் பவளம் (சுத்தியல் வடிவ நுனிகள் கொண்ட உயிர்ப்பவளம்) பாதிகூட விரியவில்லை. ஒரு தலையின் ஓரத்தில் சதை உள்வாங்கி, எலும்பின் வெள்ளை விளிம்பு நூல் அளவுக்குத் தெரிகிறது. சதை அழுகும் நோயின் பழுப்புக் கூழோ நாற்றமோ இல்லை. பவளத்தைத் தின்னும் தட்டைப்புழுவும் கண்ணில் படவில்லை.

இன்றைய அளவு: உப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி, காரத்தன்மை 10.8 டிகேஹெச் (காரத்தன்மையின் அலகு), கால்சியம் 430, மக்னீசியம் 1320 பிபிஎம். பவளத்துக்குச் சத்தான நைட்ரேட், பாஸ்பேட் இரண்டுமே பூஜ்யம்! பவளம் வாங்கிய கடைத் தண்ணீரில் காரத்தன்மை 7.8தான். 40 நிமிடம் சொட்டுச் சொட்டாகக் கலந்து பழக்கியது உப்புக்கும் வெப்பத்துக்கும் போதும். 3 டிகேஹெச் வித்தியாசத்தைப் பவளம் அதற்குள் பழகிவிடாது என்பதே என் சந்தேகம்.

எல்இடி 60 சதவீதத்தில் எரிந்தது, நேற்று 35க்குக் குறைத்தாச்சு. அலைமோட்டார் அந்தத் தலைமேல்தான் நேராக அடித்தது; அதையும் கண்ணாடிப் பக்கம் திருப்பியாச்சு. பவளத்தை மட்டும் இடம் மாற்றவில்லை, தினமும் நகர்த்தினால் இன்னும் சுருங்கும்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: காரத்தன்மை குறைவான கடல் உப்புக் கலவைக்கு மாறி, வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றி 8.5க்கு மெல்ல இறக்கலாமா, இல்லை 10.8லேயே நிலையாக விடுவதா? நைட்ரேட்டை 5 பிபிஎம்முக்கு ஏற்ற, மீன் தீனியைக் கூட்டினால் போதுமா, சோடியம் நைட்ரேட் கரைசல் ஊற்றணுமா? பாஸ்பேட் உறிஞ்சியை இன்றே எடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். கிருமி நீக்க அயோடின் குளியல் ஒருமுறை கொடுத்தாயிற்று. இந்த நிலையில் மறுபடி கொடுப்பது ஆபத்தா?