இன்யூலின் பவுடர்: எடை குறையுமா, வாயுதான் கூடுமா?

கேள்வி: தொப்பைக்காரன்

வணக்கம். ப்ரீபயாடிக் நார்ச்சத்து குடலுக்கு நல்லது, பசியை அடக்கும், எடையும் இறங்கும் என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். நானும் அந்த வகை நார்ச்சத்தான இன்யூலின் பவுடர் வாங்கி, டப்பாவில் போட்டிருந்தபடி தினமும் காலையில் 10 கிராம் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிறேன். மலம் சிரமமில்லாமல் போகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் மதியத்துக்குள் வயிறு உப்பி, பேன்ட் பட்டனே இறுக்குகிறது, ஆபீஸ் மீட்டிங்கில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது பெரும்பாடு. எடையோ அப்படியே நிற்கிறது. இது வேலை செய்கிறதா இல்லையா? ப்ரோபயாடிக்கும் இதுவும் ஒன்றுதானா?

பதில்: குடல்வாசி

ஒன்றில்லை. ப்ரோபயாடிக் என்பது உயிருள்ள பாக்டீரியா, ப்ரீபயாடிக் அதற்குப் போடும் தீனி. இன்யூலினை உடைக்கும் நொதி நம் உடம்பில் கிடையாது, அதனால் சிறுகுடலைத் தாண்டி அப்படியே பெருங்குடலுக்குப் போய்விடும், அங்கே பிஃபிடோ வகை பாக்டீரியாவும் மற்றவையும் சேர்ந்து அதைப் புளிக்கவைத்து அசிடேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற அமிலங்களாக மாற்றும். பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருளே பியூட்டிரேட்தான். புளித்தால் வாயு வரத்தான் செய்யும். ஆக, வேலை நடக்கிறது, ஆனால் எடுத்த எடுப்பிலேயே 10 கிராம் என்பது அதிகம். 2, 3 கிராமில் தொடங்கி, வயிறு பழகப் பழகக் கூட்டுங்கள். ஒரே மூச்சில் குடிக்காமல் சாப்பாட்டோடு இரண்டு வேளையாகப் பிரித்துக்கொண்டால் உப்புசம் குறையும்.

பதில்: சந்தேகப்பிராணி

குடல் விஷயம் சரி. எடை விஷயத்தில்தான் விளம்பரக்காரர்கள் கயிறு திரிக்கிறார்கள். மேலே சொன்ன அமிலங்கள் குடல் செல்களைத் தூண்டி ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற பசியடக்கும் ஹார்மோன்களைச் சுரக்கவைக்கும் என்பது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு "இயற்கையான ஜிஎல்பி-1 ஊசி" என்று விற்பது அபத்தம்: உடம்பில் சுரக்கும் ஜிஎல்பி-1 சில நிமிடங்களில் சிதைந்துவிடும், எடை குறைக்கப் போடும் ஊசி மருந்தோ சீக்கிரம் சிதையாதபடி மாற்றி வடிவமைக்கப்பட்டது, வாரம் ஒருமுறை போடும் வகைகூட இருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் இன்யூலினுக்கு ஒரு பலனை ஒப்புக்கொண்டது, தினம் 12 கிராம் எடுத்தால் மலம் கழிப்பது சீராகும் என்று. எடை பற்றி அதில் பேச்சே இல்லை.

நார்ச்சத்தால் எடை இறங்குகிறது என்றால் பெரும்பாலும் அது உணவாக உள்ளே போகும்போதுதான். பயறு, பார்லி, காய்கறி என்று தட்டு நிறைந்தால் மென்று தின்ன நேரமாகும், வயிறு சீக்கிரம் நிறையும், மற்றதற்கு இடமிருக்காது. வழக்கமான சாப்பாட்டுக்கு மேலே பவுடரையும் குடித்தால் என்ன குறையும்? பெரியவர்களுக்கு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து, அதுவும் உணவில் இயல்பாக இருப்பது, என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெங்காயம், பூண்டிலேயே இன்யூலின் இருக்கிறது, ஓட்ஸில் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து, காயான வாழையிலும் வேகவைத்து ஆறவைத்த உருளைக்கிழங்கிலும் செரிக்காத ஸ்டார்ச்.

பதில்: மருந்துக்கடை

இன்னொன்று. ஐபிஎஸ் (அடிக்கடி வயிற்றுவலி, உப்புசம், மலச்சிக்கல் அல்லது பேதி என்று படுத்தும் குடல் கோளாறு) இருப்பவர்களுக்கு இன்யூலின் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது, அளவைக் குறைத்தும் உப்புசமும் வலியும் அடங்காவிட்டால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் அதோடு சேர்த்து நார்ச்சத்துப் பவுடர் குடிக்க வேண்டாம், மாத்திரை உறிஞ்சப்படுவது குறையலாம். எவ்வளவு இடைவெளி என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

தொப்பைக்காரன்

ஐபிஎஸ் எல்லாம் இல்லை. 3 கிராமுக்கு இறங்குகிறேன். பேசாமல் இசப்கோலுக்கு மாறிவிட்டால் வாயுத் தொல்லை இருக்காதே?

குடல்வாசி

வாயு குறையும், காரணம் அது அவ்வளவாகப் புளிக்காது. தண்ணீரை இழுத்துக் கூழாகி மலத்தை இளக்கும், கெட்ட கொலஸ்ட்ராலையும் ஓரளவு குறைக்கும். ஆனால் பாக்டீரியாவுக்குத் தீனி என்று பார்த்தால் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. எதுவானாலும் தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள், குறிப்பாக இசப்கோலுக்கு. வாயில் உலர்வாகப் போட்டு விழுங்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.