'ஃப்ரீ'ங்கற பிரிட்டிஷ் ராக் இசைக்குழு இன்னும் எப்படி இப்படி இழுக்குது?

கேள்வி: ரெண்டு வாரமா வேற எதுவும் கேக்கல. 1968ல லண்டன்ல ஆரம்பிச்சு 1973ல முடிஞ்சிருச்சு, அதுலயும் நடுவுல 71ல ஒரு தடவ பிரிஞ்சு திரும்ப சேர்ந்திருக்காங்க. ஆனா கேட்டா பழசுன்னே தோணல, ஏன்? 'ஆல் ரைட் நவ்' பாட்ட தாண்டி எத கேக்கலாம்?

பதில்: அவங்க விடுற இடைவெளி தாங்க காரணம். ஹெட்போன் போட்டு அதே பாட்ட திரும்ப கேளுங்க, சரணத்துல பேஸ் கிட்டாரே கிடையாது, வெறும் கிட்டாரும் டிரம்ஸும் தான், பல்லவி வரும்போது பேஸ் வாசிக்கற ஆண்டி ஃப்ரேசர் உள்ள வருவாரு பாருங்க, ரூமே நெறஞ்ச மாதிரி ஆயிரும். பேண்ட்ல சேரும்போது அவருக்கு 15 வயசு!!

பதில்: எனக்கு அவங்க கிட்டாரிஸ்ட் பால் கோசாஃப் தான் உயிரு. வேகமா வாசிக்கவே மாட்டாரு, ஒரே நோட்ட புடிச்சு விரல ஆட்டுவாரு பாருங்க, மனுஷன் அழுற மாதிரியே இருக்கும். போதைப் பழக்கத்துல உடம்பு கெட்டு 1976ல விமானத்துலயே இறந்து போயிட்டாரு, 25 வயசு தான். இப்பவும் நெனச்சா மனசு கனத்துப் போகுது.

பதில்: 1970ல வந்த 'ஃபயர் அண்ட் வாட்டர்' ஆல்பத்த முழுசா கேளுங்க, அதுல 'மிஸ்டர் பிக்' கடைசில வர்ற பேஸ விட்றாதீங்க. ப்ளூஸ் வேணும்னா மொத ஆல்பம் 'டன்ஸ் ஆஃப் சாப்ஸ்', ஆல்பர்ட் கிங் பாடின 'தி ஹன்ட்டர' இவங்க பாணில போட்டு பொளந்திருப்பாங்க. பாடகர் பால் ராட்ஜர்ஸ் குரல் புடிச்சிருந்தா அப்புறம் அவரும் டிரம்மர் சைமன் கிர்க்கும் சேர்ந்து ஆரம்பிச்ச 'பேட் கம்பெனி' பேண்டுக்கு போங்க