பட்ஜெட் டென்ட், குடும்பத்தோடு ஒரு ராத்திரி: உங்களுக்கு என்ன நடந்தது?

மலைக்காற்று:
பெட்டியில் நால்வருக்கானது என்று போட்டிருந்தது, நாங்களும் நாலு பேர்தான். மற்ற கதையெல்லாம் எதற்கு, நேரே விஷயத்துக்கு வருகிறேன். விடியப்போகிற நேரத்தில் சின்னவள் என்னை உலுக்கி, "அப்பா, உள்ளே மழை பெய்யுது" என்றாள். டார்ச்சை மேலே அடித்தால் துணி முழுக்க நீர் கோத்துக்கொண்டு நிற்கிறது. வெளியே லேசாகக் காற்றடித்தால் போதும், அத்தனையும் முகத்தில் சொட்டுகிறது. பெரியவன் ஸ்லீப்பிங் பேக்கின் கால்பக்கம் சுவரை ஒட்டிக் கிடந்ததால் பிழிந்தால் தண்ணீர் வரும் நிலை. எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க ஜிப்பைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். வானம் நிறைய நட்சத்திரம். ஒரு பொட்டு மழை இல்லை!

அத்தனையும் நாங்கள் விட்ட மூச்சு. ஒற்றைத் துணி டென்ட் அது, உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை, அவ்வளவுதான் காற்றோட்டம். விற்றவர் "3000 மி.மீ. வாட்டர்ப்ரூஃப், 3000 மி.மீ." என்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். காற்று எந்தப் பக்கமாகப் போகும் என்று நான் கேட்டது அவர் காதில் விழவே இல்லை. இப்போதும் அந்த 3000-ஐ எங்கே பார்த்தாலும் எனக்கு எரிச்சல்தான்.

வாண்டுகளின் அம்மா:
சார், எரிச்சல் நியாயம்தான், ஆனால் அந்த எண்மேல் பழி போடாதீர்கள். துணிமேல் நீரை நிறுத்தி, எத்தனை மி.மீ. உயரம் வரை கசியாமல் தாங்குகிறது என்று பார்க்கிறார்கள், அதுதான் அது. மேல்துணிக்கு 1500 இருந்தாலே சாதாரண மழைக்குப் போதும். தரைக்குத்தான் கூடுதலாக வேண்டும், பிள்ளைகள் முழங்கால் ஊன்றுகிற இடத்தில் அழுத்தம் அதிகம். நீங்கள் சொல்கிற ஈரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இரட்டை அடுக்கு டென்ட்டிலும் மேல்துணியின் உட்புறம் நனையத்தான் செய்யும். நடுவில் கொசுவலைத் துணி இருப்பதால் நம்மேல் படுவது குறைவு, அவ்வளவே.

எங்கள் கதை கடையிலேயே நடந்தது. விரித்து வைத்திருந்த நால்வர் டென்ட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நாங்கள் நாலு பேரும் வரிசையாகப் படுத்தே பார்த்துவிட்டோம். கடைப்பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சிரிக்கட்டும். என் கணவருக்கு உயரம் அதிகம். தலை ஒரு சுவரில், பாதம் எதிர்ச்சுவரில். டென்ட்டின் நீளம் 210 செ.மீ. என்று எழுதியிருந்தது என்னவோ உண்மைதான், ஆனால் அது தரையில் அளந்தது. சுவர் உள்பக்கமாகச் சாய்ந்து வருவதால் முகத்துக்கு நேரே அத்தனை இடம் இருக்காது. அகலத்திலும் ஆளுக்கு 60 செ.மீ. பாய் என்று கணக்குப் போட்டுத்தான் "நால்வர்" என்கிறார்கள். பையை எங்கே வைப்பது, நனைந்த செருப்பை எங்கே விடுவது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. சின்னவன் "அம்மா, நான் யார் மேலே படுக்கட்டும்?" என்று கேட்டதும் எழுந்து ஆறு பேர் டென்ட் பக்கம் போய்விட்டோம்.

பழையசாமான்:
புது டென்ட்டே வேண்டாம் என்பது என் கட்சி. ஒருமுறை பயன்படுத்திவிட்டுப் பரணில் போட்டு வைத்திருப்பவர்கள் ஏராளம். நான் ஒருவர் வீட்டுக்கு வாங்கப் போனபோது பையைத் திறந்ததுமே ஒரு புளித்த நாற்றம். துணியை மடிப்பிலிருந்து பிரித்தால் பிசின் தடவியதுபோல் ஒட்டிக்கொண்டு "சர்ர்" என்று உரிந்து வந்தது. "நல்லா காத்து வாங்கினா சரியாகிடும்ங்க" என்கிறார். ஆகாது. ஈரத்தோடு மடித்து வைத்ததில், தண்ணீர் கசியாமல் தடுக்கிற பாலியூரித்தேன் பூச்சு சிதைந்துவிட்டது. வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதனால் பழையது வாங்குகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் முழுசாக நிமிர்த்திக் காட்டச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் நடையைக் கட்டுங்கள். உள்ளே நுழைந்து கதவை மூடிக்கொண்டு மேலே பாருங்கள், ஓட்டை இருந்தால் ஒளி காட்டிக்கொடுக்கும். தையலின் உட்புறம் ஒட்டியிருக்கும் நாடாவை விரலால் தடவுங்கள். அது மட்டும் உரிந்திருந்தால் பயப்பட வேண்டாம், தையலுக்கென்றே பசை விற்கிறார்கள். ஆனால் சிலிக்கான் பூசிய துணிக்குச் சிலிக்கான் பசைதான் பிடிக்கும், பாலியூரித்தேன் பூச்சுக்கு அதற்கானது, மாற்றிப் பூசினால் உரிந்துவிடும். ஜிப்பை மூலைவளைவில் நாலைந்து தடவை இழுத்துப் பாருங்கள், நேரான இடத்தில் எல்லா ஜிப்பும் ஓடும். ஜிப் ஓடியும் பல் சேரவில்லை என்றால் பெரும்பாலும் ஓடுகிற தலைதான் தேய்ந்திருக்கும், அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நிறம் வெளுத்த துணியை இரண்டு கையால் இழுத்துப் பாருங்கள், வெயிலில் நைந்ததாக இருந்தால் அங்கேயே கிழியும் (விற்பவர் முகத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டே இழுங்கள்). கம்பி மட்டும் அலுமினியமாக இருக்க வேண்டும். ஃபைபர் (கண்ணாடியிழை) கம்பி என்றால் தொடவே தொடாதீர்கள்.

காற்றாடி:
பழையசாமான் அண்ணே, கையில் காசு குறைவு என்பதுதானே இங்கே பேச்சு? மலிவான குடும்ப டென்ட்டில் பாதிக்குமேல் ஃபைபர்தான் வருகிறது. "தொடாதே" என்றால் மக்கள் என்ன செய்வார்கள்?

எங்களுடையதும் ஃபைபர்தான். ராத்திரி காற்று கிளம்பி, "டப்" என்று ஒரு சத்தம். கூரையின் ஒரு பக்கம் மாமியார் நெஞ்சுமேல் இறங்கிவிட்டது. கம்பி இரண்டாக முறியவில்லை, துடைப்பம் மாதிரி நீளவாக்கில் நார் நாராகப் பிளந்து, துணியுறையைக் குத்திக்கொண்டு நின்றது. வெறுங்கையால் பிடித்த மச்சானுக்குச் சிலாம்பு ஏறி அது வேறு கத்தல். ஆனால் கம்பி உடைந்ததற்குக் காரணம் ஃபைபர் இல்லை. அன்று சாயங்காலம், டென்ட்டை முளையோடு இழுத்துக் கட்டுகிற இழுகயிறு ஒன்றைக்கூட யாரும் கட்டவில்லை, "பிள்ளைங்க தடுக்கி விழும்" என்று பையிலேயே விட்டுவிட்டார்கள். இரும்பு முளை ஒன்றை முறிந்த இடத்தில் அணைகொடுத்து டேப் சுற்றி, எல்லாக் கயிற்றையும் இழுத்துக் கட்டினோம். அதே காற்றில் அதே டென்ட் விடியும்வரை நின்றது. அலுமினியம் வளையும், ஆளைக் குத்தாது, எடையும் குறைவு, எல்லாம் சரி. அதற்குக் காசு இல்லாதவர்கள் நல்ல முளையும், உடைந்த கம்பிமேல் மாட்டுகிற குழாய் ஒன்றும் வாங்கி வையுங்கள், அதற்கு அதிகம் ஆகாது.

புல்தரை:
எனக்குச் சின்ன விஷயம்தான். டென்ட்டுக்கு அடியில் தார்ப்பாய் போட்டிருந்தோம், டென்ட்டைவிட ஒரு முழம் பெரிசு. கூரையில் வடிந்த மழை அந்த ஓரத்தில் விழுந்து, தார்ப்பாய்க்கும் டென்ட்டின் தரைத்துணிக்கும் நடுவே ஓடி வந்து நின்றது. கையை வைத்தால் தண்ணீர்மெத்தை போலக் குலுங்குகிறது, குழந்தைகளுக்கு ஒரே குதூகலம்! ஓரத்தை உள்ளே மடித்துவிடுங்கள்.

இரவுப்பயணி:
முதல் பதிவில் சொன்ன ஈரத்துக்கு எங்கள் வழி: தூங்கும் முன் உள்ளே கேஸ் அடுப்பைக் கொஞ்ச நேரம் எரியவிடுவோம். கதகதவென்று காய்ந்துவிடும்.

வாண்டுகளின் அம்மா:
தம்பி, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கேஸ் எரிந்தாலே நீராவிதான் வரும், ஈரம் கூடுமே தவிர குறையாது. அது போகட்டும், மூடிய டென்ட்டில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனைகூடத் தெரியாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கரி அடுப்பு அணைந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. உங்கள் பதிவை யாராவது பார்த்துச் செய்துவிடப் போகிறார்கள், எடுத்துவிடுங்கள்.

இரவுப்பயணி:
வாசல் ஜிப்பைத் திறந்துதான் வைத்திருந்தோம் அக்கா. சரி, இனி செய்யவில்லை.

காற்றாடி:
திறந்து வைத்தாலும் வேண்டாம். துணி தீப்பிடித்தால் உருகி மேலே ஒட்டும்.

மலைக்காற்று:
கேட்டவர்களுக்காக: இப்போது இருப்பது இரட்டை அடுக்கு, ஆறு பேர் அளவு, ஃபைபர் கம்பி, மேல்துணி தரையை ஒட்டி இறங்குகிறது, எதிரெதிரே இரண்டு காற்றுவழி. மழையிலும் அவற்றை மூடுவதில்லை. நின்று உடை மாற்ற முடியாது, மனைவிக்கு அந்தக் குறை இருக்கிறது. நிற்கிற உயரத்துக்குப் போனால் காற்று அதிகம் பிடிக்கும், விலையும் ஏறும் என்று சொல்லிப் பார்த்தேன். "ரெண்டு நாள் நீங்க உட்கார்ந்துக்கிட்டே பேன்ட் போடுங்க, அப்புறம் பேசலாம்" என்றாள். நிற்கிற உயரத்தில் காற்றுக்கு அசையாத மலிவு டென்ட் யாரிடமாவது இருந்தால் கம்பியின் கனம் எவ்வளவு, இழுகயிறு எத்தனை என்று எழுதுங்கள்.