உதவி: பாதையை மேக்ரோவாகக் கொடுத்தால் எஸ்கேப் வார்னிங், ஃபைலும் திறக்கவில்லை (அவசரம்)

செல்வா_எம் | இரவு 9:12
நாளைக் காலை டெமோ இருக்கிறது. சி ப்ரோக்ராம், நேற்று வரை ஒரு வார்னிங்கும் இல்லை. டேட்டா ஃபோல்டரின் பாதையை மேக்ரோவாக (கோடில் ஒரு பெயர் வரும் இடத்தில் வைக்கப்படும் உரை) கொடுத்ததிலிருந்து 'தெரியாத எஸ்கேப் சீக்வென்ஸ்' (பேக்ஸ்லாஷோடு தொடங்கும் சிறப்புக் குறி) என்று ஒன்று வருகிறது. வார்னிங்தானே என்று ஓட்டினால் ஃபைல் திறக்கவில்லை. ஃபோல்டர் அங்கேதான் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன். மொபைலில் தட்டுகிறேன், கோடு ஒட்ட முடியாது. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

பனையூரான் | 9:20
எந்தக் கம்பைலர்? விண்டோஸா, லினக்ஸா? மேக்ரோவைக் கோடுக்குள் எழுதினீர்களா, வெளியிலிருந்து கொடுத்தீர்களா? வார்னிங்கில் பேக்ஸ்லாஷுக்குப் பக்கத்தில் என்ன எழுத்து?

ரமேஷ்_திண்டுக்கல் | 9:23
பிஓஎம் பிரச்சினையாக இருக்கும் ப்ரோ. பழைய நோட்பேடில் யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் ஒட்டிக்கொள்ளும். யூடிஎஃப்-8, பிஓஎம் இல்லாமல் சேமித்துப் பாருங்கள். எனக்கு எப்போதும் அதுதான்.

நிரல்வாத்தியார் | 9:31
வாரம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். கம்பைலுக்கு முன் மேக்ரோக்களை விரிக்கும் ப்ரீப்ராசஸர் எந்தக் கட்டத்தில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் மேக்ரோவில் கை வைக்கக் கூடாது. சி ஸ்டாண்டர்டில் மொழிபெயர்ப்புக் கட்டங்கள் 8. அவற்றைப் படித்துவிட்டு வரவும்.

கயல்விழி_கே | 9:33
வாத்தியார் சார், நாளைக்கு டெமோ வைத்திருப்பவரிடம் ஸ்டாண்டர்டைப் படி என்றால் எப்படி? செல்வா, பனையூரான் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

செல்வா_எம் | 9:47
மன்னிக்கவும். விண்டோஸ் 10, மின்ஜிடபிள்யூ ஜிசிசி. மேக்ஃபைலில் (கம்பைல் கட்டளைகள் உள்ள ஃபைல்) மைனஸ் பெரிய டி, அதாவது மேக்ரோ கொடுக்கும் தேர்வு, போட்டுப் பாதையைக் கொடுக்கிறேன்:
சி:\ப்ராஜெக்ட்ஸ்\நியூ\டெஸ்ட்
எல்லாம் ஆங்கில எழுத்துதான். டபுள் கோட்ஸ் போட்டால் ஷெல் (கட்டளையை ஓட்டும் ப்ரோக்ராம்) தின்றுவிடுகிறது, அதனால் போடவில்லை. கோடுக்குள் # வைத்த இரண்டு அடுக்கு மேக்ரோவால் ஸ்ட்ரிங்காக (கோட்ஸுக்குள் இருக்கும் எழுத்துத் தொடர்) மாற்றிக்கொள்கிறேன். வார்னிங்கில் \ போட்டு 'பி' இருக்கிறது.

ரமேஷ்_திண்டுக்கல் | 9:50
பிஓஎம் பார்த்தீர்களா?

சும்மா_ஒருவன் | 9:55
மைனஸ் சின்ன டபிள்யூ போடுங்க தல, எல்லா வார்னிங்கும் வாயை மூடிக்கொள்ளும். டெமோ முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.

கயல்விழி_கே | 10:04
சும்மா_ஒருவன் சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். இங்கே வார்னிங் வந்தது ஒன்று, ஃபைலைக் கெடுத்தது வேறு.

உங்கள் பாதையில் மூன்று பேக்ஸ்லாஷ். முதலாவதற்குப் பின் 'பி'. அப்படி ஒரு எஸ்கேப் சி மொழியில் கிடையாது. ஜிசிசி எச்சரித்துவிட்டு, பேக்ஸ்லாஷை எறிந்துவிட்டு 'பி'யை மட்டும் வைத்துக்கொள்கிறது. இரண்டாவதற்குப் பின் 'என்', அது புதுவரி. மூன்றாவதற்குப் பின் 'டி', அது டேப். இந்த இரண்டும் முறையான எஸ்கேப்கள் என்பதால் கம்பைலர் வாயே திறக்காது. விண்டோஸில் ஃபோல்டர் பெயருக்குள் புதுவரியும் டேப்பும் வரவே முடியாது, அப்புறம் எப்படித் திறக்கும்?

நம்பிக்கை இல்லை என்றால் ஃபைலைத் திறக்கும் வரிக்கு முன்னால் அந்த ஸ்ட்ரிங்கை, இருபக்கமும் சதுர அடைப்புக்குறி வைத்துப் பிரிண்ட் செய்து பாருங்கள்.

பனையூரான் | 10:09
ஒரு சந்தேகம். # போட்டால் பேக்ஸ்லாஷைத் தானாகவே இரட்டிப்பாக்கும் என்றல்லவா படித்தேன்?

நிரல்வாத்தியார் | 10:15
பாதி படித்திருக்கிறீர்கள். ஆர்கியூமென்டுக்குள் ஏற்கெனவே ஒரு ஸ்ட்ரிங்கோ, சிங்கிள் கோட்ஸில் ஒரு எழுத்தோ இருந்தால், அதற்குள் இருக்கும் பேக்ஸ்லாஷையும் டபுள் கோட்ஸையும் மட்டும்தான் # காப்பாற்றும். வெளியே அம்மணமாக நிற்கும் பேக்ஸ்லாஷ் அப்படியே போய் உட்காரும். ப்ரீப்ராசஸர் வேலை 4ஆம் கட்டம், எஸ்கேப்பைப் பிரித்துப் படிப்பது 5ஆம் கட்டம். இதற்குத்தான் படியுங்கள் என்றேன்.

செல்வா_எம் | 10:21
பிரிண்ட் செய்தேன். கயல் அக்கா சொன்னது அப்படியே! அடைப்புக்குறி முதல் வரியில் திறக்கிறது, இரண்டாம் வரியில் மூடுகிறது. முதல் வரி 'ப்ராஜெக்ட்ஸ்' வரை. இரண்டாம் வரியில் 'நியூ'வின் முதலெழுத்து போய் 'ஈடபிள்யூ' மட்டும், ஒரு பெரிய இடைவெளி, கடைசியில் 'ஈஎஸ்டி'. இப்போது எல்லா இடத்திலும் இரட்டை பேக்ஸ்லாஷ் போடவா?

பனையூரான் | 10:24
ஏன் அந்த வம்பு? முன்சாய்வு ஸ்லாஷ் போடுங்கள். விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும்.

மணி_எம்பெடட் | 10:28
விண்டோஸில் முன்சாய்வா? கமாண்ட் ப்ராம்ப்டில் போட்டுப் பாருங்கள், சுவிட்ச் தவறு என்று திட்டும்.

பனையூரான் | 10:30
அது கமாண்ட் ப்ராம்ப்டின் கோணல். ஃபைல் திறக்கும் ஃபங்ஷனுக்கு இரண்டும் ஒன்றுதான். நான் வருஷக்கணக்காக அப்படித்தான் எழுதுகிறேன்.

மணி_எம்பெடட் | 10:36
அப்படியானால் மைக்ரோசாஃப்ட் எதற்கு பேக்ஸ்லாஷை வைத்தது?

நிரல்வாத்தியார் | 10:41
எம்எஸ்-டாஸ் முதல் பதிப்பில் ஃபோல்டரே கிடையாது. கட்டளைகளின் சுவிட்சுக்கு முன்சாய்வை அப்போதே எடுத்துக்கொண்டார்கள். 1983-இல் 2.0 வந்தபோது ஃபோல்டர் வந்தது, முன்சாய்வு காலியாக இல்லை. அதன் பலனை இன்று செல்வா அனுபவிக்கிறார்.

சும்மா_ஒருவன் | 10:43
யூனிக்ஸ்காரன் சிரிக்கிறான் 😄

மணி_எம்பெடட் | 10:48
நெட்வொர்க் பாதைக்கும் முன்சாய்வு வேலை செய்யுமா என்று யாராவது பதில் சொல்லுங்கள், அப்புறம் சிரிக்கலாம்.

ரமேஷ்_திண்டுக்கல் | 10:50
சி++ போல ரா ஸ்ட்ரிங் போட்டால் என்ன? எஸ்கேப் தொல்லையே இல்லையே.

கயல்விழி_கே | 10:55
அது சி++11-இல் வந்தது. சி ஸ்டாண்டர்டில் இல்லை. ஜிசிசி, ஜிஎன்யூ99 முதலான ஜிஎன்யூ மோடுகளில் சலுகையாக அனுமதிக்கும், அவ்வளவுதான். தவிர, இவர் # வழியாகப் போகிறார். அதற்கு இது உதவாது.

செல்வா_எம் | 11:32
முன்சாய்வு போட்டேன். வார்னிங் போய்விட்டது, என் கணினியில் ஃபைலும் திறக்கிறது. ஆனால் டெமோ ஓடப்போவது ஒரு லினக்ஸ் மெஷினில். அங்கே பாதையில் 'லினக்ஸ்' என்று ஒரு ஃபோல்டர். பிரிண்ட் செய்தால் அந்த இடத்தில் '1' என்று வருகிறது!! வார்னிங்கும் இல்லை. பைத்தியம் பிடிக்கிறது.

ரமேஷ்_திண்டுக்கல் | 11:34
இது கண்டிப்பாக பிஓஎம்.

கயல்விழி_கே | 11:41
ரமேஷ், பிஓஎம்மை விட்டுவிடுங்கள் 🙏

செல்வா, லினக்ஸில் ஜிசிசியின் வழக்கமான ஜிஎன்யூ மோடில், சின்ன எழுத்தில் 'லினக்ஸ்' என்பதே முன்கூட்டி வைக்கப்பட்ட ஒரு மேக்ரோ. அதன் மதிப்பு 1. 'யூனிக்ஸ்' என்பதும் அப்படியே. நீங்கள் கோட்ஸ் இல்லாமல் கொடுப்பதால் உங்கள் பாதை ஸ்ட்ரிங் அல்ல, சாய்வுக்கோடுகளுக்கு நடுவே கிடக்கும் தனித்தனிச் சொற்கள். இரண்டு அடுக்கு மேக்ரோவின் வேலையே உள்ளே இருப்பதை விரித்துவிட்டுப் பிறகு ஸ்ட்ரிங் ஆக்குவதுதான். அதனால் அந்தச் சொல்லையும் விரித்து 1 ஆக்கிவிட்டது. மைனஸ் பெரிய இ போட்டு ஓட்டினால் ப்ரீப்ராசஸர் கொடுப்பது அப்படியே தெரியும், அதில் பாருங்கள்.

இன்றைக்கு மட்டும் தப்பிக்க: ஸ்டாண்டர்டு தேர்வில் சி11 என்று கொடுங்கள், ஜிஎன்யூ11 வேண்டாம். அந்த மேக்ரோ காணாமல் போகும், இரண்டு அடிக்கோடோடு தொடங்கும் வடிவங்கள் மட்டும் இருக்கும். கோடில் ஜிஎன்யூ சலுகை எதையாவது நம்பியிருந்தால் உதைக்கும். அப்படியானால் மைனஸ் பெரிய யூ போட்டு அந்த ஒன்றை மட்டும் நீக்கலாம்.

முறையாகச் செய்ய: # வேலையையே தூக்கி எறியுங்கள். மெஷினுக்கு ஒன்றாகச் சின்ன ஹெடர் ஃபைல் வைத்து, பாதையை டபுள் கோட்ஸோடு அதில் எழுதுங்கள். கோட்ஸுக்குள் இருப்பதை ப்ரீப்ராசஸர் விரிக்காது. ஷெல்லும் நடுவே வராது.

நிரல்வாத்தியார் | 11:46
இது சரியான பதில். மேக்ஃபைலிலேயே வைத்திருக்க ஆசைப்பட்டால் சிங்கிள் கோட்ஸுக்குள் டபுள் கோட்ஸ் வைக்கலாம். ஆனால் விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட் சிங்கிள் கோட்ஸை மேற்கோளாகவே மதிக்காது. இரண்டு மெஷினுக்கும் ஒரே வரி என்று கனவு காண வேண்டாம்.

செல்வா_எம் | மறுநாள் பகல் 1:05
ஓடியது. நன்றி அக்கா.

மணி_எம்பெடட் | 1:20
எந்த வழியில் போனீர்கள்? ஹெடரா, சி11-ஆ?

தேன்மொழி_புதியவள் | மாலை 6:38
இதே மாதிரி எனக்கும். கோட்ஸ் இல்லாமல் ஒரு வலை முகவரியை மேக்ரோவாக எழுதினேன். 'எச்டிடிபி:' வரைதான் வருகிறது, மிச்சம் காணோம். இதுவும் ஏதாவது முன்கூட்டி வைத்த மேக்ரோவா?

பனையூரான் | 6:44
இல்லை தங்கச்சி. முகவரியில் இரண்டு சாய்வுக்கோடு இருக்கிறதல்லவா, சி அதைக் கமென்ட் என்று எடுத்துக்கொள்கிறது. கமென்ட்டை 3ஆம் கட்டத்திலேயே துடைத்துவிடும், மேக்ரோ அதற்கு அப்புறம்தான். டபுள் கோட்ஸ் போடுங்கள்.

நிரல்வாத்தியார் | 6:51
பரவாயில்லை, பனையூரான் படித்துவிட்டார். தேன்மொழி, கமென்ட் வரியை பேக்ஸ்லாஷில் முடித்துவிடாதீர்கள். வரி ஒட்டுவது 2ஆம் கட்டம், அடுத்த வரியும் கமென்ட்டுக்குள் போய்விடும். மைனஸ் டபிள்யூஆல் போட்டிருந்தால் அதற்காவது வார்னிங் வரும்.

ரமேஷ்_திண்டுக்கல் | 7:02
தேன்மொழி, எந்த எடிட்டரில் சேமிக்கிறீர்கள்?