வேலூர் தொகுதி: எந்த சண்முகம், எந்த வருஷம்?

குழு: கஸ்பா வீடு எல்லாரும்

பாப்பா: ஜனவரி 25 வாக்காளர் தினத்துக்கு காலேஜ் போர்டுல வேலூர் எம்.பி. லிஸ்ட் ஒட்டணும். 1952ல இருந்து எழுதிட்டு வர்றேன். சண்முகம், சண்முகம், சண்முகம்னு வருது. ஒரே ஆளா?

பெரியப்பா: மூணு பேர் கண்ணு. 1984 ஏ.சி. சண்முகம், அதிமுக. 1996 பி. சண்முகம், திமுக. 1998, 1999 ரெண்டும் என்.டி. சண்முகம், பாமக. இனிஷியலை விட்டா போர்டே பாழ்.

ஆம்பூர் மாமா: என்.டி. பக்கத்துல கூட்டணியையும் எழுது. 98ல அதிமுக அணி, 99ல திமுக அணி. ஒன்றரை வருஷத்துக்குள்ள மேடை மாறிடுச்சு, தொகுதி மாறல.

குடியாத்தம் அத்தை: ஏ.சி. சண்முகம் இப்பகூட நின்னாரே?

பெரியப்பா: 2014, 2019, 2024. மூணும் ரெண்டாம் இடம். 14ல தாமரை, 19ல இரட்டை இலை, 24ல மறுபடி தாமரை. அவர் கட்சியோ புதிய நீதிக் கட்சி. அதனால கட்சிக்கு ஒரு கட்டம், சின்னத்துக்கு ஒரு கட்டம்னு பிரிச்சுடு.

பாப்பா: ஓ அதான் 2004 காதர் மொகிதீன் திமுகன்னு இருக்கா? அவர் முஸ்லிம் லீக் தானே?

பெரியப்பா: ஆமா. உதயசூரியன்ல ஜெயிச்சா தேர்தல் ஆணையக் கணக்குல திமுக உறுப்பினர், சபையில கொறடா உத்தரவும் திமுகதுதான். 2009 அப்துல் ரகுமானும் அப்படியே. அதுக்கும் முன்னாடி அப்துல் சமது இன்னும் குழப்பம். 1980ல பதிவு சுயேச்சை, 1989ல காங்கிரஸ். ஆள் என்னவோ லீக் தலைவர்தான்.

பாப்பா: 1952ல ரெண்டு பேர் இருக்கு பெரிப்பா. ராமச்சந்தர், முத்துகிருஷ்ணன். யாராவது நடுவுல ராஜினாமாவா?

பெரியப்பா: இல்லமா, இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரு இடம் பொது, ஒரு இடம் தனி, அதாவது பட்டியல் இனத்துக்கு ஒதுக்கினது. ராமச்சந்தர் காமன்வீல் கட்சி, மாணிக்கவேலு நாயக்கரோட கட்சி. வட ஆற்காட்டுலயும் செங்கல்பட்டுலயும் காங்கிரஸுக்குத் தண்ணி காட்டினது அதுதான். 1957ல முனிசாமி, முத்துகிருஷ்ணன், ரெண்டும் காங்கிரஸ். அந்த முனிசாமியும் 52ல வந்தவாசியில காமன்வீல்ல ஜெயிச்சவர்தான்.

காட்பாடி மாமா: ஓட்டு எப்படிப் போட்டாங்கன்னும் எழுதும்மா, பசங்க அதைத்தான் நின்னு படிப்பாங்க. ஆளுக்கு ரெண்டு ஓட்டு. 52ல ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டி மேல சின்னம். முத்திரை குத்தற வேலையே கிடையாது, சீட்டைப் பெட்டியில போட்டா சரி. ரெண்டையும் ஒரே ஆளுக்குப் போடக் கூடாது.

காட்பாடி மாமா: எண்ணும்போது, பட்டியல் இன வேட்பாளர்கள்ல முதல்ல வந்தவருக்குத் தனி இடம். அப்புறம் மிச்சம் இருக்கற எல்லாருலயும் முதல்ல வந்தவருக்குப் பொது இடம். அதனால ரெண்டு இடமுமே ஒதுக்கீட்டு வேட்பாளருக்குப் போகலாம். 1957ல ஆந்திராவுல பார்வதிபுரத்துல வி.வி. கிரி தோத்தது அப்படித்தான். அது பழங்குடித் தொகுதி. 1961ல சட்டம் போட்டு இரட்டைத் தொகுதியை எடுத்துட்டாங்க. 1962ல இங்க ஒரே ஆள், அப்துல் வாகித், காங்கிரஸ்.

பாப்பா: 67 குசேலர் திமுக, 71 உலகநம்பி திமுக, 77 தண்டாயுதபாணி காங்கிரஸ். சரியா?

பெரியப்பா: 77 ஸ்தாபன காங்கிரஸ், இந்திராவோட சேராம பிரிஞ்சு நின்ன காங்கிரஸ். இந்திரா காங்கிரஸ்னு படிச்சுடுவாங்க, தெளிவா எழுது. 91 அக்பர் பாஷாதான் இந்திரா காங்கிரஸ்.

காட்பாடி மாமா: 2004க்கும் 2009க்கும் நடுவுல தடிமனா ஒரு கோடு போடு. பெயர் வேலூர்தான், தொகுதி வேற. முன்னாடி உள்ள இருந்த சட்டமன்றத் தொகுதி ஆறு: காட்பாடி, குடியாத்தம், பேர்ணாம்பட்டு, அணைக்கட்டு, வேலூர், ஆரணி. மறுவரையறைக்கு அப்புறம்: வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர். காட்பாடி அரக்கோணத்துக்குப் போச்சு, ஆரணி பேர்லயே வேற எம்.பி. தொகுதி வந்துடுச்சு, பேர்ணாம்பட்டே இல்ல. 2004 ஓட்டையும் 2009 ஓட்டையும் கழிச்சு ‘இவ்வளவு சரிஞ்சது’ன்னு எழுதினா தப்பு.

ஆம்பூர் மாமா: பாலாறு தாண்டினா எம்.பி. மாறிடுது 😄 துரைமுருகன் 2021ல காட்பாடி எம்.எல்.ஏ. ஆனார், பையன் கதிர் ஆனந்த் வேலூர் எம்.பி., அப்பா தொகுதி பையன் தொகுதிக்குள்ள இல்ல.

பாப்பா: 2019ல தேதி ரெண்டு விதமா இருக்கு. ஏப்ரல் 18, ஆகஸ்ட் 5.

ஆம்பூர் மாமா: ஆகஸ்ட் 5 போடு, எண்ணினது 9. வருமான வரி சோதனையில 11 கோடிக்கு மேல ரொக்கம் சிக்கி, ஏப்ரல் 16 ராத்திரி ஜனாதிபதி அறிவிப்பு வந்தது. ஓட்டுப்பதிவுக்கு ரெண்டே நாள். பணப் பட்டுவாடாவுக்காக லோக்சபா தேர்தல் ரத்தானது நாட்டுலயே முதல் தடவை. ‘தள்ளிவைப்பு’ன்னு எழுதாத. பழைய மனு எல்லாம் செல்லாம போய், ஜூலைல எல்லாரும் புதுசா மனு போட்டாங்க.

குடியாத்தம் அத்தை: ஆனா ஏப்ரல் 18 இங்க குடியாத்தத்துலயும் ஆம்பூர்லயும் சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்துச்சே. எம்.பி. மிஷின் மட்டும் இல்ல.

பெரியப்பா: சரியா சொன்ன. வித்தியாசம் 8,141. கதிர் ஆனந்த் 4,85,340, ஏ.சி. சண்முகம் 4,77,199. நாம் தமிழர் 26,995. நோட்டாவே வித்தியாசத்தைத் தாண்டிடுச்சு. 2014ல செங்குட்டுவன் 59,393ல ஜெயிச்சார், 2024ல அதே கதிர் ஆனந்த் 2,15,702. இந்த மூணு நம்பரையும் பக்கம் பக்கம் வை, தானே பேசும்.

பாப்பா: ஆறு சட்டமன்றத் தொகுதி ஓட்டையும் கூட்டிப் பாத்தா மொத்தத்தோட இடிக்குது 😩

காட்பாடி மாமா: தபால் ஓட்டை விட்டிருப்ப. ஃபார்ம் 20ன்னு வர்ற ஓட்டு எண்ணிக்கைத் தாள்ல பூத் வாரியா வர்றது மிஷின் ஓட்டு மட்டும். தபால் ஓட்டு கடைசியில தனி வரி, அதைச் சேர்த்தாத்தான் மொத்தம் வரும். இன்னொண்ணு, வாணியம்பாடி, ஆம்பூர் இப்ப திருப்பத்தூர் மாவட்டம். மாவட்டத்தை வெச்சுத் தேடினா நாலுதான் கிடைக்கும்.

குடியாத்தம் அத்தை: குடியாத்தம்னா காமராஜர் 1954ல ஜெயிச்சதைப் போட மாட்டியாடி?

பெரியப்பா: அது சட்டமன்ற இடைத்தேர்தல், எம்.பி. லிஸ்ட்ல வராது.

குடியாத்தம் அத்தை: ஓரத்துல கட்டம் போட்டு எழுதட்டும். முதலமைச்சர் ஆனதுக்கு அப்புறம் நின்ன தேர்தல் அது.

பாப்பா: கட்டம் போட்டுட்டேன் அத்தை. சார்ட் ஒண்ணு பத்தல, இன்னொண்ணு வாங்கப் போறேன்.